நோராவின் சிறுவாடு: கேள்வி பதில்

(நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம் பற்றி வந்த கேள்விகள். கதை தெரியாதவர்களுக்கு: நோயாளிக் கணவன் டோர்வால்டை இத்தாலிக்குக் கூட்டிப்போய்ப் பிழைக்க வைக்க, அவனுக்குத் தெரியாமல் கடன் வாங்குகிறாள் நோரா. கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் சில வருடம் கழித்து மிரட்டுகிறான். கடைசியில் கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள் நோரா.)

கேள்வி: முதல் காட்சியிலேயே கை நிறையச் சாமான், மேலும் காசு கேட்கிறாள். ஊதாரி என்று கணவன் சொன்னால் என்ன தப்பு சார்?

இப்சன் விரித்த வலையில் நீங்களும் விழுந்துவிட்டீர்கள், நானும் முதல் தடவை விழுந்தேன். கடன் 1,200 ஸ்பெசிடாலர் (நார்வேயின் பழைய நாணயம்), அதாவது 4,800 குரோனர். தவணையும் காலாண்டு வட்டியும் அவள்தான் கட்டுகிறாள். துணிமணிக்குக் கிடைக்கும் பணத்தில் பாதிக்கு மேல் செலவழிப்பதில்லை. பரிசுக்குப் பதில் பணமாகக் கொடுங்கள் என்று அவள் கெஞ்சுவதும் இதற்குத்தான். நம் வீடுகளில் சிறுவாடு என்போமே, அதே கணக்கு.

ஒன்றைக் கவனியுங்கள். போன கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் அறையைப் பூட்டிக்கொண்டு மரத்துக்குப் பூ செய்தாள், கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று டோர்வால்ட் கேலி செய்கிறான், பூனை எல்லாவற்றையும் கிழித்துப் போட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் அவள். கொஞ்சம் தள்ளி, போன குளிர்காலத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இரவு வெகுநேரம் கையால் நகலெழுதிச் சம்பாதித்ததாகத் தோழியிடம் சொல்கிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பாவம் அந்தப் பூனை!

கேள்வி: நல்ல காரியம்தானே, கணவனிடம் சொல்லியிருக்கலாமே?

மனைவிக்குக் கடன்பட்டவன் என்று தெரிந்தால் அவன் கௌரவம் தாங்காது என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது: வயதாகி அழகு போன பிறகு, கைவசம் ஏதாவது இருக்கட்டும் என்று நினைக்கிறாள். பணம் வட்டிக்கே போய்விட்டது. அந்த ரகசியத்தைத்தான் சேர்த்து வைத்திருக்கிறாள்.

கேள்வி: கள்ளக் கையெழுத்து எப்படி வெளிவந்தது?

தேதியில். ஜாமீன் போடவேண்டிய நோராவின் அப்பா செப்டம்பர் 29-இல் இறந்துவிட்டார், பத்திரத்தில் அவர் கையெழுத்துக்குத் தேதி அக்டோபர் 2. குரோக்ஸ்டாட் கேட்டதும், நான்தான் எழுதினேன் என்று தலை நிமிர்ந்து சொல்கிறாள். கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலம் அது. நார்வேயில் மணமான பெண்களுக்கான சட்டம் மாறியது 1888-இல், நாடகம் வந்து ஒன்பது வருடம் கழித்து.

கேள்வி: உண்மைக் கதை என்கிறார்களே?

லாரா கீலர் என்ற எழுத்தாளர், இப்சனுக்குத் தெரிந்தவர். கணவரின் நோய்க்காக ரகசியக் கடன், பிறகு மோசடி, மாட்டிக்கொண்டதும் கணவரே மனநலக் காப்பகத்துக்கு அனுப்பினார். நிஜ வாழ்க்கையில் வெளியே துரத்தப்பட்டவர் அவர். இப்சன் அதைத் திருப்பிப் போட்டார்.

கேள்வி: மூன்று குழந்தைகளை விட்டுப் போவது மட்டும் ஒட்டவில்லை.

ஜெர்மனியில் ஒரு நடிகையும் இதே காரணத்துக்காக நடிக்க மறுத்தார். வேறு வழியில்லாமல் இப்சனே முடிவை மாற்றி எழுதிக் கொடுத்தார், அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே திட்டவும் செய்தார். எனக்கு ஒட்டுகிறது. எல்லாவற்றையும் போட்டுடைக்கும் குரோக்ஸ்டாடின் முதல் கடிதத்தைப் படித்து, பிள்ளைகளை வளர்க்க நீ லாயக்கில்லை என்கிறான் டோர்வால்ட். குரோக்ஸ்டாட் கடன் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியதும், "நான் தப்பித்தேன்!" என்று கத்துகிறான். "நான்?" என்கிறாள். "நீயும்தான்" என்று பிறகுதான் சேர்த்துக்கொள்கிறான். மனைவி போக இது போதாதா?

கேள்வி: கல்லூரி நாடகத்தில் நோராவாக நடிக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

நடனத்தை எல்லோரும் ஒத்திகை பார்ப்பார்கள். நீங்கள் கொண்டை ஊசியைப் பாருங்கள். குரோக்ஸ்டாடின் கடிதம் தபால் பெட்டிக்குள் கிடக்கிறது, அதன் சாவி டோர்வால்டிடம்தான். பூட்டில் உடைந்த ஊசியைக் கண்டு அவன் கேட்க, பிள்ளைகள் வேலையாக இருக்கும் என்கிறாள். அந்த வரியில் பதற்றம் காட்டாதீர்கள். ஏழெட்டு வருடமாகப் பொய் சொல்லிப் பழகியவள் அவள்.