மாதம் 6,000 ரூபாய்க்கு 300 பேக்லிங்க் வாங்கலாமா?

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறோம். வெப்சைட் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மாதம் 6,000 ரூபாய்க்கு 300 பேக்லிங்க் போட்டு, மூன்று மாதத்தில் கூகுளில் முதலிடம் உறுதி என்கிறது ஒரு ஏஜென்சி. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பேக்லிங்க் என்பது வேறொரு தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது.

லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது அதற்கு அடிப்படையாக இருந்தது, லிங்க்குகளை வைத்துப் பக்கங்களுக்கு மதிப்புப் போடும் பேஜ்ரேங்க் முறை. ஒரு தளம் உங்களுக்கு லிங்க் கொடுத்தால் அது சிபாரிசு. கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு. தஞ்சாவூர் கல்யாண மண்டபம் ஒன்று தன் தளத்தில், மேடை விளக்கு உங்கள் பட்டறையில் வார்த்தது என்று சொல்லி லிங்க் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. 6,000 ரூபாய்க்கு 300 என்றால் ஒரு லிங்க் 20 ரூபாய். அந்த விலைக்குக் கிடைப்பது ஆளில்லாத டைரக்டரிகளும், காலாவதியான டொமைனை (வெப்சைட் முகவரியை) வாங்கி நிரப்பிய போலி வலைப்பூக்களும்தான்.

ஏஜென்சியிடம் பழைய வேலைக்கு மாதிரி கேட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேலே முடி உதிர்வுக்கு எண்ணெய், கீழே கடன் ஆப், நடுவில் சம்பந்தமே இல்லாமல் ‘பெஸ்ட் பிராஸ் லேம்ப் கும்பகோணம்’ என்று நீல எழுத்து. அடுத்த பக்கத்திலும் அதே நான்கு சொற்கள் இருக்கும். லிங்க் ஒளிந்திருக்கும் இந்த நீல எழுத்துக்கு ஆங்கர் டெக்ஸ்ட் என்று பெயர், அதுதான் காட்டிக்கொடுக்கிறது. விரும்பி லிங்க் கொடுப்பவர்களில் ஒருவர் கடைப் பெயரைப் போடுவார், ஒருவர் முகவரியை அப்படியே ஒட்டுவார், ஒருவர் ‘இங்கே வாங்கினேன்’ என்பார்.

2012 ஏப்ரலில் வந்த பென்குவின் என்ற கூகுள் தேடல் மாற்றம், இப்படி லிங்க் சேர்த்த தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2016 செப்டம்பரிலிருந்து அது பெரும்பாலும் அந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. மாதாமாதம் பணம் போகும், ஒன்றும் நடக்காது. அது ஏன் என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கூகுள் ஊழியர் நேரடியாகப் பார்த்து, தளத்தைத் தேடலில் பின்னுக்குத் தள்ளும் அல்லது நீக்கும் தண்டனையான ‘மேனுவல் ஆக்‌ஷன்’ போட்டால் இன்னும் மோசம். கார்த்திகை நேரத்தில் அது வந்தால் அந்த சீசனே போச்சு.

அந்த 6,000 ரூபாயை உங்கள் பக்கத்திலேயே போடுங்கள். வாங்குபவர் தேடுவது உயரம், எடை, விலை. 3 அடி விளக்கு எத்தனை கிலோ, அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, பிரபை என்று கழற்றி எப்படி பேக் செய்கிறீர்கள், மறை சரியாக ஏறாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று அளவு வாரியாகத் தனித்தனிப் பக்கம் வேண்டும். காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுப்பதைப் படிப்படியாகப் படம் பிடித்துப் போடுங்கள். கைவினை பற்றி எழுதுகிறவர்கள் தாமாக லிங்க் கொடுப்பது இப்படிப்பட்ட பக்கத்துக்குத்தான். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாமல் 200 கேபி அளவுக்குக் குறையுங்கள். பக்கத்தின் பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். கார்த்திகைக்கான பக்கத்தை ஆவணியிலேயே ஏற்றிவிடுங்கள், கூகுள் பட்டியலில் சேர்ந்து நிலைபெற நாளாகும்.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் கணக்கில், கடைப் போர்டில் உள்ள பெயர் மட்டும் இருக்கட்டும். ‘மலிவு விலை’, ‘நம்பர் 1’ என்று சேர்த்தால் கணக்கு முடங்கலாம். தள்ளுபடி கொடுத்து ரிவியூ வாங்குவதும் விதிமீறல்.

லிங்க் கேட்பதில் தவறில்லை. உங்களிடம் விளக்கு வாங்கிய மண்டபங்கள், உங்கள் விளக்கை விற்கும் கடைகள், பட்டறைக்கு வந்து போன கல்லூரிகள் என்று பத்து இடத்தில் கேளுங்கள், மூன்று கிடைத்தாலும் போதும். கோயில் விழாவுக்கு நன்கொடை கொடுத்து அதற்காக லிங்க் வந்தால், அந்த லிங்க்கின் கோடில், பணம் கொடுத்து வந்தது என்று காட்டும் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறி இருக்கச் சொல்லுங்கள். இந்தக் குறியைக் கூகுள் 2019-ல் கொண்டுவந்தது.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் ‘லிங்க்ஸ்’ பகுதியைத் திறந்து பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். மேனுவல் ஆக்‌ஷன் இல்லையென்றால், வாங்குவதை நிறுத்தி, போட்டவரையே எடுக்கச் சொல்லுங்கள். இருந்தால், ஒவ்வொரு தளத்துக்கும் மெயில் அனுப்பி, தேதியோடு குறித்து வையுங்கள். அதன் பிறகும் எடுக்காத தளங்களை மட்டும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக, ‘டொமைன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் முன்னால் போட்டு, ‘இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியில் ஏற்றுங்கள். அவசரத்தில் அந்தத் தஞ்சாவூர் மண்டபத்தின் தளத்தையும் சேர்த்துவிட்டால் நல்ல லிங்க்கும் போய்விடும், ஏற்றும் முன் இரண்டு பேர் பாருங்கள். பிறகு மறுபரிசீலனை விண்ணப்பத்தில், எத்தனை லிங்க் வாங்கினோம், எத்தனை எடுத்தோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பதில் வர சில வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் இன்னொரு விண்ணப்பம் போடாதீர்கள்.