பாலியேட்டிவ் கேர் என்றால் கைவிடுவது இல்லை
அப்பாவின் சிஓபிடிக்கு (மூச்சுக்குழாய்கள் சுருங்கி மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) டாக்டர் பாலியேட்டிவ் கேர் (நோயின் தொல்லைகளைத் தணிக்கும் கவனிப்பு) பார்க்கச் சொன்னதும் "கைவிட்டுவிட்டார்களோ" என்று பயந்து எழுதியிருந்தீர்கள். இல்லைங்க. இன்ஹேலர், ஆக்ஸிஜன், மூச்சுப் பயிற்சி எல்லாம் அப்படியே தொடரும். கூடவே மூச்சுத்திணறல், பதற்றம், தூக்கமின்மையையும் கவனிப்பார்கள்.

இந்த நோய் திடீரென்று மோசமாகும், பிறகு ஓரளவு தேறும். கடைசிக் கட்டம் எது என்று கணிப்பது கடினம். அதனால்தான் இப்போதே போகச் சொல்கிறேன். லண்டனில் 105 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், இத்தகைய கவனிப்பை உடனே பெற்றவர்கள் மூச்சுத்திணறலை நன்றாகச் சமாளித்தார்கள்.

சரி, இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். மூச்சு வாங்கும்போது அப்பாவை முன்னால் சாய்ந்து உட்காரவைத்து, சின்ன பேட்டரி விசிறியின் காற்று மூக்கிலும் கன்னத்திலும் படும்படி பிடியுங்கள். பலருக்கு இதமாக இருக்கும்.

அப்புறம், வென்டிலேட்டர் வைக்க அவருக்குச் சம்மதமா என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே அவரிடமே கேளுங்கள். உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.