புயலில் வீடு சேதம்: பப்ளிக் அட்ஜஸ்டரை அமர்த்தலாமா?

அமெரிக்காவில் வீட்டுக் காப்பீட்டில் இழப்பீடு கேட்டால், சேதத்தைப் பார்க்க நிறுவனமே ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவருக்குச் சம்பளம் தருவது நிறுவனம். உங்கள் தரப்பில் நின்று சேதத்தைக் கணக்கிட்டு, நிறுவனத்தோடு பேரம் பேச நீங்களே அமர்த்தும் உரிமம் பெற்றவர்தான் பப்ளிக் அட்ஜஸ்டர்.

பழைய நகையை விற்கப் போகிறோம். உரசிப் பார்ப்பதும் எடை போடுவதும் கடைக்காரரே. கூடவே நமக்கு வேண்டிய ஒரு பத்தரை அழைத்துப் போனால் எப்படி? அதுபோலத்தான் இது. ஆனால் இந்தப் பத்தருக்குக் கூலி உண்டு.

அந்தக் கூலியில்தான் முடிவே இருக்கிறது. ஃபுளோரிடாவில் சட்டப்படி உச்சவரம்பு இழப்பீட்டுத் தொகையில் 20%. ஆளுநர் அவசரநிலை அறிவித்த பேரிடர் என்றால் முதல் ஓராண்டுக்கு 10%. அட்ஜஸ்டரை அமர்த்தும் முன்பே நிறுவனம் தர ஒப்புக்கொண்ட தொகைக்கு அங்கே கட்டணம் வாங்க முடியாது. அந்தத் தடை இல்லாத வேறொரு மாநிலத்தில், நிறுவனம் ஏற்கெனவே 20,000 டாலர் தர ஒப்புக்கொண்டுவிட்டது என வைப்போம். அட்ஜஸ்டர் வந்து 24,000 ஆக்குகிறார். மொத்தத்தில் 20% என்றால் அவருக்கு 4,800. உங்கள் கையில் 19,200. நஷ்டம்தான்! ஆகவே கட்டணம் மொத்தத் தொகைக்கா, கூடுதலாகக் கிடைத்ததற்கு மட்டுமா என்று கையெழுத்துக்கு முன் கட்டாயம் கேளுங்கள்.

சின்னச் சேதத்துக்கு இவர் வேண்டாம் என்பேன். வீடே எரிந்துபோனது, கணக்கு சிக்கலானது, நிறுவனம் தொகையை மிகவும் குறைத்துவிட்டது என்றால் தயங்காமல் அமர்த்துங்கள்.

‘பப்ளிக்’ என்ற சொல்லைப் பார்த்துப் பலர் இவரை அரசு ஊழியர் என நினைக்கிறார்கள். இவர் கட்டணத்துக்கு வேலை செய்யும் தனியார்தான்.