ரீச்சரிடம் கேளுங்கள்: கோலூன்றிப் பாய்ந்தால் அமெரிக்காவில் இலவசமாகப் படிக்கலாமா?

கேள்வி: அன்புள்ள ரீச்சர், நான் வணிகப் பிரிவில் உயர்தரம் எழுதினேன். கணக்கீட்டில் ஏ, மற்ற இரண்டிலும் பீ. கோலூன்றிப் பாய்தலில் மாகாண மட்டப் பதக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் வணிகம் படிக்க முழு விளையாட்டுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாக முகவர் ஒருவர் சொல்கிறார். கல்லூரி என்.சி.ஏ.ஏ. மூன்றாம் பிரிவில் இருக்கிறதாம். முற்பணம் கேட்கிறார். அப்பா காணியை விற்கவும் தயாராக இருக்கிறார். நம்பலாமா?
மாணவி, தெல்லிப்பழை

பதில்: பிள்ளை, ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். காணியை விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றே சொல்லும்.

என்.சி.ஏ.ஏ. என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய சங்கம். அதன் முதலாம், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் கொடுக்கலாம். மூன்றாம் பிரிவில் அதற்கு இடமே இல்லை. நிதி உதவியைத் தீர்மானிக்கும்போது மாணவரின் விளையாட்டுத் திறமையைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. அந்த முகவர் இல்லாத ஒன்றை உமக்கு விற்கிறார். எங்கள் பிள்ளைகளின் வியர்வையை இப்படி விலை பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காக அமெரிக்க எண்ணத்தையே விட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன். பணம் வரும் வழி வேறு, அவ்வளவுதான். இத்தகைய தனியார் கல்லூரிகளில் படிப்பும் விடுதியும் சேர்ந்து வருடத்துக்கு 60,000 டொலருக்கு மேல் அறிவித்திருப்பது சாதாரணம். பலர் அதை முழுமையாகக் கட்டுவதில்லை. பெறுபேற்றுக்காக ஒரு கழிவு கிடைக்கும். குடும்ப வருமானத்தைப் பார்த்து இன்னொரு உதவி கிடைக்கலாம். அதற்குப் பல கல்லூரிகள் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற விண்ணப்பத்தைக் கேட்கும். வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அனுமதித் தீர்மானத்திலும் அதைக் கருத்தில் கொள்ளும் கல்லூரிகளே அதிகம் என்பதையும் தெரிந்துகொள்ளும். எல்லாக் கழிவும் போக உங்கள் குடும்பம் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதைக் கல்லூரியிடமிருந்தே எழுத்தில் வாங்கும். அந்தத் தொகைக்கு வழி இருப்பதைக் காட்டினால்தான் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் தருவார்கள். வேலை செய்து கட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில், தவணைக் காலத்தில், கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரைதான் அனுமதி. அது கைச்செலவுக்குப் போதும், கட்டணத்துக்குக் காணாது.

பல துறைகளையும் சேர்த்துப் படிப்பிக்கும் இந்த லிபரல் ஆர்ட்ஸ் வகைக் கல்லூரி யாழ்ப்பாணத்துக்குப் புதியதும் அல்ல. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரில் முதன்மையானவர் டானியல் பூவர். அவரே டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் எல்லாவற்றையும் ஒரே மாணவன் விடுதியில் தங்கிப் படித்தான். சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கிருந்து வந்தவர்தான். நீர் போக நினைக்கும் இடத்திலும் கணக்கீட்டோடு மெய்யியலும் உயிரியலும் படிக்கச் சொல்வார்கள். அதை வீண் என்று எண்ணாதேயும். நாளை ஒரு நிறுவனத்தை நடத்தப் போகிறவருக்கு ஐந்தொகை மட்டும் போதாது.

ஆனால் வணிகம் அங்கே பாடமாக இருக்கிறதா என்று முதலில் பாரும். வில்லியம்ஸ், அமர்ஸ்ட் போன்ற பெயர்பெற்ற சிறு கல்லூரிகளில் வணிகம் தனிப் பட்டமாக இல்லை, பொருளியல்தான் உண்டு. கணக்காளராகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: சாதாரண பட்டம் 120 கிரெடிட், அதாவது பாட அலகு, அளவில் முடிந்துவிடும், சி.பி.ஏ. என்ற அமெரிக்கக் கணக்காளர் தகுதிக்குப் பல மாநிலங்கள் நெடுங்காலமாக 150 கேட்டு வந்திருக்கின்றன. கணக்கீட்டில் ஏ எடுத்த உமக்கு இது முக்கியம். ஊருக்குத் திரும்பி அரச வேலைக்கு விண்ணப்பிக்க விரும்பினால், அந்தப் பட்டத்தை எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதையும் போவதற்கு முன்பே உறுதிசெய்யும்.

வகுப்பில் இருபது பேர்கூட இல்லாமல் இருக்கலாம். ரியூசன் கொட்டகையில் பின்வாங்கில் இருந்து குறிப்பு எழுதியவர்கள் அங்கே முதல் மாதம் திணறுவார்கள். பேச வேண்டும், வாரந்தோறும் எழுத வேண்டும், பின்னேரம் பயிற்சி, வார இறுதியில் பஸ்ஸில் போட்டிக்குப் பயணம். கோலூன்றுபவருக்குக் குளிர்காலத்தில் உள்ளரங்கப் போட்டி, வசந்தத்தில் வெளியரங்கப் போட்டி என இரண்டு பருவங்கள்.

பயிற்றுநருக்கு நீரே மின்னஞ்சல் எழுதும். இதற்கு முகவர் தேவையில்லை. நீர் பாய்ந்த உயரம், பெறுபேறு, பாய்ச்சலின் காணொளி மூன்றும் போதும். பனிக்காலத்தில் பயிற்சி செய்ய உள்ளரங்கில் மெத்தை இருக்கிறதா, கோலூன்றலுக்கென்று தனிப் பயிற்றுநர் உண்டா, வணிகம் படிக்கும் வீராங்கனை ஒருவருடன் பேச முடியுமா என்று கேளும். பணம் தரப் பயிற்றுநரால் முடியாது. ஆனால் அனுமதி அலுவலகத்தில் உமக்காக ஒரு வார்த்தை சொல்லலாம். மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த மண்ணிலிருந்து எழுதுகிறீர். கூச்சப்படாமல் எழுதும்.

இங்கே முகாமைத்துவ பீடத்துக்கான விண்ணப்பத்தையும் தவறாமல் போடும். அமெரிக்கப் பதில் வரும்வரை அதைக் கைவிடக் கூடாது.

கேள்வி: மகன் துடுப்பாட்ட வீரன். வடக்கின் பெருஞ்சமரில் விளையாடியவன். அவனுக்கும் இதே வழி சரிவருமா?
ஒரு தாய், கொக்குவில்

பதில்: இல்லை அம்மா. துடுப்பாட்டம் என்.சி.ஏ.ஏ. விளையாட்டுகளில் இல்லை, மகள்மார் ஆடும் வலைப்பந்தாட்டமும் இல்லை. மகன் நன்றாக ஓடுவாரென்றால், 400 மீற்றரில் அவருடைய நேரத்தை அளந்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்துப் பேசலாம்.