பல சமயத்தார் அமரும் பந்தி: யாருக்கு எதைப் போடலாம்?

கேள்வி: கும்பகோணத்தில் இருபது வருடமாகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். தை மாதம் ஒரு கல்லூரியில் மூன்று நாள் கருத்தரங்கு. குஜராத் ஜைனர்கள், இலங்கை பிக்குகள், மலேசிய முஸ்லிம்கள், பஞ்சாப் சீக்கியர்கள், யூதர்கள் இருவர் என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். சைவம், அசைவம் என்று இரண்டு பந்தி வைத்தால் போதாதா ஐயா?

பதில்: போதாது. உங்கள் ஊர்க் கடப்பாவையே எடுத்துக்கொள்வோம். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, தேங்காய். சுத்த சைவம் என்று பெருமையாகப் பரிமாறுவீர்கள். ஜைனர் இலையை மூடிவிடுவார். கொல்லாமையை மண்ணுக்கு அடியிலும் கொண்டுபோன சமயம் அது. கிழங்கைப் பிடுங்கினால் செடியே சாகிறது, ஒரு கிழங்குக்குள் எண்ணற்ற உயிர்கள் இருக்கின்றன என்பது அவர்கள் கொள்கை. ஆகவே உருளை, கேரட், சேனை, முள்ளங்கி, வெங்காயம், பூண்டு, பச்சை இஞ்சி எல்லாம் விலக்கு, தேனும் அப்படியே. காய்ந்த சுக்கையும் மஞ்சள்தூளையும் பெரும்பாலோர் ஏற்பார்கள். விதை மிகுந்ததென்று கத்தரிக்காயைத் தள்ளுகிறவர்களும் உண்டு. வாழைக்காய், புடலை, அவரை, பருப்பு, தேங்காய் இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை?

பொழுது சாய்ந்தபின் பல ஜைனர்கள் உண்பதில்லை. இருட்டில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து சாகும் என்பது காரணம். தை மாதத்தில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். அவர்களுக்கு ஐந்து மணிக்கே இலை போடுங்கள். இதையெல்லாம் வடநாட்டு வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் சமணக் கோயில்கள் இன்றும் இருக்கின்றன.

பிக்குகளுக்கு மணிக்கணக்கு வேறு. இலங்கையின் தேரவாதம் என்ற பழைய பௌத்த மரபில் உச்சிப்பொழுதுக்குப் பின் உணவு கிடையாது. பதினொரு மணி முதல் பந்தி அவர்களுடையது. உணவை ஒருவர் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காததை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது துறவு விதி. புலால் முழு விலக்கல்ல, ஆனால் தமக்காகவே கொன்றது என்று கண்டாலும் கேட்டாலும் ஐயப்பட்டாலும் தொடக் கூடாது. விருந்தினரைக் கௌரவிக்க ஆடு அறுத்தீர்கள் என்றால் அதுவே விலக்காகிவிடும். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் ஊரையே பள்ளிச்சந்தமாக, அதாவது சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விடும் நிலக்கொடையாக, விட்டார்கள். அங்கே உலை வைத்தவரும் சூரியனைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்.

உங்களுக்குத் தலைவலி அசைவ அடுப்பில்தான். உயிரைக் கொடுத்தவன் இறைவன், அதை எடுக்கும்போது அவன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது இஸ்லாம். அப்படி அறுத்து இரத்தம் வடிந்ததே ஹலால். பன்றியும் மதுவும் கூடாதென்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐஸ்கிரீமில் ஊற்றும் வெனிலா எசன்ஸில் ஆல்கஹால் இருக்கலாம், ஜெல்லியில் விலங்கு ஜெலட்டின் இருக்கலாம், லேபிளைப் படியுங்கள். மலேசியர் பெரும்பாலும் நாகூர் மரைக்காயர்களைப் போல ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட வழியினர், இறால் போடலாம். ஹனஃபி என்ற இன்னொரு வழியினரில் சிலர் அதற்கும் தயங்குவார்கள். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும் என்பதால் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஹலால் கறியைச் சீக்கியர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அமிர்தம் ஏற்று முறைப்படி தீட்சை பெற்ற சீக்கியருக்கு அந்த முறையில் அறுத்த இறைச்சி வெளிப்படையான விலக்கு. அவர்களுக்குப் பருப்பும் ரொட்டியும் போதும். குருத்வாராவின் பொதுப் பந்தியான லங்கரில் அரசனும் ஆண்டியும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்பது சைவச் சாப்பாடுதான்.

யூதர்களுக்குச் செதிலும் துடுப்பும் உள்ள மீன் ஆகும்: கெண்டை சரி, கெளுத்தியும் இறாலும் நண்டும் ஆகாது. குட்டியைத் தாயின் பாலில் வேகவைக்காதே என்ற, அவர்கள் வேதமான தோராவின் கட்டளையால் கறியும் பாலும் சேரக் கூடாது. தயிர் ஊற்றிய பிரியாணி போயிற்று, பக்கத்தில் வைக்கும் தயிர்ப் பச்சடியும் போயிற்று. நெறியில் உறுதியானவர் நீங்கள் எத்தனை முறை விளக்கிய அண்டாவானாலும் அதில் வெந்த சோற்றை உண்ண மாட்டார். அதில் உங்கள் சுத்தத்தைப் பற்றிய குறை எதுவும் இல்லை. முழுப் பழம், சீவாத இளநீர், புது வாழை இலை என்று வையுங்கள். மிச்சத்தை அவரிடமே கேளுங்கள்.

கிறிஸ்தவர்களுக்குப் பொது விலக்கு இல்லை. தவக்காலம் தொடங்கியிருந்தால் கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை கறி உண்ண மாட்டார்கள். உள்ளூர் இந்துக்களுக்கு வீட்டுக்கு வீடு ஒரு விதி. அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுப்பைப் பிரிக்கும்போது ஜைனச் சமையலை முதலில் முடித்து மூடிவையுங்கள். அந்தக் காய்கறி ஏறக்குறைய எல்லோருக்கும் ஆகும். அதைப் பரிமாற ஓர் ஆளைத் தனியாகவே நிறுத்துங்கள். வெங்காயச் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அதே கரண்டியோடு ஜைனர் இலை முன்னால் வந்து நின்ற ஒருவரை நான் ஒரு விருந்தில் பார்த்தேன்.