திரும்பி வந்த உங்கள் விண்ணப்பம் பற்றி

மாதவிடாய் நிற்கும் பருவத்து மனச்சோர்வு ஆய்வுக்கு நிதி கேட்டதற்கு, மனநலப் பிரிவு மகளிர் மருத்துவத்தைக் காட்ட, அவர்கள் திரும்ப இவர்களைக் காட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இதே கதைதான், இரண்டு தடவை.

முதல் பத்தியை மாற்றுங்கள். ‘பெண்கள் புறக்கணிக்கப்படுகிறார்கள்’ என்பது உண்மைதான், ஆனால் மதிப்பிடுபவர் அதற்குத் தலையாட்டிவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடுவார். ஓட்டை எங்கே என்று காட்டுங்கள். 2018இல் வெளியான ஒரு சோதனையில் 172 பெண்களுக்கு 12 மாதம் ஹார்மோனோ போலி மருந்தோ கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு அறிகுறிகள் போலி மருந்துக் குழுவில் சுமார் 32 சதவீதம் பேருக்கு வந்தன, ஹார்மோன் குழுவில் 17 சதவீதம் பேருக்குத்தான். சரி, ஆனால் இவர்கள் எல்லோரும் சேரும்போது மனச்சோர்வு இல்லாதவர்கள். ஏற்கெனவே சோர்ந்து கிடப்பவர்களிடம் செய்த சோதனைகள் சின்னச் சின்னவை. உங்கள் இடம் அங்கேதான்.

அப்புறம், யாரைச் சேர்ப்பது என்பதற்கு ‘45 முதல் 55 வயது’ என்று மட்டும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தைச் சுழற்சி மாற்றங்களை வைத்துப் படிகளாகப் பிரிக்கும் ஸ்ட்ரா+10 (STRAW+10) வகைப்பாட்டில், அடுத்தடுத்த மாதவிடாய்ச் சுழற்சிகளின் நீளத்தில் 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் தொடக்க நிலை, 60 நாளோ அதற்கு மேலோ மாதவிடாய் வராமலிருந்தால் பிந்தைய நிலை. இதைப் போட்டு, இரண்டு துறையிலிருந்தும் ஆளுக்கொரு இணை ஆய்வாளரையும் சேர்த்துவிட்டால் ‘எங்கள் பிரிவு இல்லை’ என்று தட்டிவிடுவது கஷ்டம்.