சேலையைத் திருப்பிப் பாருங்கள், சட்டியைத் தட்டிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: கைவினைக் கண்காட்சி

கே: மதுரை தமுக்கம் மைதானத்தில் கைவினைக் கண்காட்சி நடந்தால் சுங்குடிச் சேலைக் கடையே வரிசையாக இருக்கிறது. எல்லாரும் 'கையால் கட்டியது' என்றுதான் சொல்கிறார்கள். எதை நம்பி வாங்குவது? (வாசகி, திருநகர்)

ப: சேலையைத் திருப்பிப் பாருங்கள் என்பார்கள். அதில் பாதிதான் தெரியும். ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் உள்பக்கம் வெளிறியிருக்கும், பார்த்ததும் பிடிபட்டுவிடும். மெழுகு அச்சு வைத்துச் சாயத்தில் முக்கி எடுத்த சேலையிலோ நிறம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஏறியிருக்கும். எனவே அடுத்துப் புள்ளியைப் பாருங்கள். கட்டுச் சுங்குடியில் துணியை விரல் நுனியால் கிள்ளித் தூக்கி, நூலை இறுக்கிச் சுற்றித்தான் சாயத்தில் போடுகிறார்கள். நூல் சுற்றிய இடம் வெள்ளையாக நிற்கும். கிள்ளிய நுனியில் சாயம் புகுந்து, நடுவில் ஊசிமுனை அளவுக்கு நிறம் தெரியும். புள்ளி முழு வட்டமாக இருக்காது. ஒன்று சற்றுச் சதுரமாக, ஒன்று சற்றுச் சரிந்து இருக்கும். பத்துப் புள்ளியும் ஒரே அச்சாக இருந்தால் அது அச்சேதான். புதுச் சேலையைக் கையால் தடவினால் புள்ளிக்குப் புள்ளி மேடு தட்டும். இஸ்திரி போட்டு வைத்திருந்தால் அந்த மேடு அமுங்கிவிடும், ஆகவே தடவிப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் 'மதுரைச் சுங்குடி' என்று அட்டை தொங்குவதெல்லாம் கட்டுச் சேலை ஆகிவிடாது. 'கட்டா, மெழுகா?' என்று நேராகக் கேளுங்கள். மெழுகுச் சேலை ஒன்றும் மட்டமில்லை, இந்த வெயிலுக்குத் தினமும் கட்ட அருமையான சேலை. கட்டுச் சேலை விலை கொடுத்து அதை வாங்கினால்தான் நட்டம்.

சாயம் நிற்குமா என்று பார்க்க, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் முந்தானை ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். அடர்சிவப்பு, கருநீலச் சேலைகளில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். கைக்குட்டை முழுக்க நிறமானால் வைத்துவிடுங்கள். வீட்டில் முதல் மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி உடனே எடுத்து நிழலில் காயப் போடுங்கள். உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக ஊற வைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று பலரும் நம்புகிறார்கள். ஊற ஊற, கழன்ற சாயம் வெள்ளைப் புள்ளியில்தான் போய் ஏறும்.

கே: கண்காட்சியில் வாங்கிய மண்சட்டி அடுப்பில் வைத்த அன்றே விரிசல் விட்டுவிட்டது. சட்டி சரியில்லையா, நான் செய்தது தப்பா? (வாசகி, மேலூர்)

ப: இரண்டுக்கும் வாய்ப்புண்டு. முதலில் வாங்கும் விதம். சட்டியை உள்ளங்கையில் நிறுத்தி, விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டுங்கள். 'ணங்' என்று கேட்டால் நன்றாக வெந்த சட்டி. 'டொப்' என்று அடங்கினால் வேக்காடு போதவில்லை, அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. கூட்ட இரைச்சலில் காது கேட்காது என்பதால் காலையிலேயே போங்கள். கேஸ் அடுப்புக்கு என்றால் அடி தட்டையாக இருக்க வேண்டும். பளபளவென்று வார்னிஷ் பூசியது அலங்காரத்துக்கு மட்டும், அதில் சமைக்கக் கூடாது.

அடுத்து, பழக்குவது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பிறகு அரிசி கழுநீரோ வடிகஞ்சியோ ஊற்றி வைத்து, தினமும் மாற்றி, மூன்று நாள் விடுங்கள். கஞ்சிப் பசை மண்ணின் நுண்துளைகளில் இறங்கி அடைக்கும். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி, மறுநாள் முக்கால் சட்டி கஞ்சியைச் சிறுதீயில் கொதிக்க விடுங்கள். அதன் பிறகுதான் குழம்பு.

விரிசல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். எடுத்த எடுப்பில் பெருந்தீ வைத்தால் அடி சூடேறி விரியும், விளிம்பு குளிர்ந்தே இருக்கும். அந்த இழுப்பில் சட்டி பிளக்கும். சூடேறிய சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும், இறக்கியதும் ஈரத் தரையில் வைத்தாலும் இதே கதிதான். சூட்டை மெதுவாக ஏற்றி, பிரிமனை (வைக்கோல் பிரி வளையம்) மேல் இறக்கி வையுங்கள்.

தண்ணீர்ப் பானை வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெளியே பெயின்ட் அடித்த பானை அழகாக இருக்கும், ஆனால் தண்ணீர் குளிராது. பானை வியர்த்து, அந்த ஈரம் ஆவியானால்தான் உள்ளே குளிரும்.

கே: எந்த நேரத்தில் போனால் நெரிசல் குறைவு? (வாசகர், ஒத்தக்கடை)

ப: வார நாளில், திறந்த முதல் இரண்டு மணி நேரம். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு எதிர்சேவையும் அவர் ஆற்றில் இறங்குவதும் நடக்கிற நாட்களில், தமுக்கத்தை ஒட்டிய தல்லாகுளம் பக்கம் வண்டியே கொண்டு போகாதீர்கள். கூட்டம் கூடினால் போனில் சிக்னல் படுத்தும், ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். பத்து, இருபது, ஐம்பதாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் நம்பரை எழுதிய சீட்டு அவசியம்.

கே: பிள்ளைகளுடன் போகிறோம். எதைச் சாப்பிடலாம்? (வாசகி, உசிலம்பட்டி)

ப: கண்முன்னே சூடாக இறங்குவது எதையும் சாப்பிடலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றும் பருத்திப்பால், கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் பணியாரம் இரண்டும் நல்லது. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மதியத்துக்கு மேல் தொட வேண்டாம், நம்மூர் வெயிலில் அது முதலில் கெடும். ஜிகர்தண்டாவில் பாதாம் பிசினைக் கவனியுங்கள். ஓர் இரவு ஊறியது கண்ணாடிபோலத் தெளிந்து, விரலில் நசுங்கும். நடுவில் கடுக்கென்று பட்டால் சரியாக ஊறவில்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வாங்குவதானால் கடலைமிட்டாய் தாங்கும். பால்கோவாவை என்றைக்குக் கிண்டியது என்று கேட்டு வாங்குங்கள்.

கே: மதுரை விளாச்சேரி கொலு பொம்மைகளைப் பஸ்ஸில் தேனிக்குக் கொண்டு போக வேண்டும். உடையாமல் எப்படி? (வாசகி, தேனி)

ப: மண் பொம்மை உடைவது கழுத்து, மணிக்கட்டு, பிரபை (சிலைக்குப் பின்னால் நிற்கும் வளைவு) ஆகிய இடங்களில்தான். அங்கே முதலில் பழைய பருத்தித் துணியைக் கீற்றாகக் கிழித்துச் சுற்றுங்கள். அடியில் உள்கூடு இருந்தால் கசக்கிய செய்தித்தாளை அதற்குள் திணியுங்கள். அட்டைப் பெட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, பொம்மையை நிற்க வைத்து, இடைவெளியில் எல்லாம் வைக்கோலை அடைத்துவிடுங்கள். பெட்டியை ஆட்டினால் உள்ளே சத்தமே வரக் கூடாது. பிளாஸ்டிக் கவரால் நேராகச் சுற்றாதீர்கள். புது வண்ணம் வியர்த்து அதில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது முகத்தோடு உரிந்து வரும். பெட்டியை மேல் தட்டில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.